மலையடிவாரப் பாதையில் களையெடுப்பும் நாட்டு மர நடவும்: புதிதாக வருபவர்களுக்கு

களையெடுக்க முதன்முதலாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இருப்பதிலேயே அடர்ந்த புதரைத்தான் தேடிப் போவார்கள். அதை வெட்டிச் சாய்த்து, முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டால் ஒரு நாள் உழைப்பு கண்ணுக்குத் தெரியும். ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தைப் போய்ப் பார்த்தால், வெட்டிய இடம் முழுவதும் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்த்து நிற்கும். வெயில் படாமல் மண்ணுக்குள் கிடந்த விதைகளுக்கு நாமே வெயிலைக் கொடுத்திருப்போம். ஆகவே புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள், திரும்ப வந்து பார்க்க முடிகிற அளவுக்கு மட்டும் எடுங்கள்.

இங்கே எழுதியிருப்பது வட தமிழகத்தின் வறண்ட குன்றுகளை மனத்தில் வைத்து. திருவண்ணாமலை, செஞ்சி, ஜவ்வாது மலையின் கீழ்ச்சரிவுகள் போன்ற இடங்கள். பாறை அதிகம், மண் குறைவு, மழையில் கணிசமான பங்கு ஐப்பசி கார்த்திகையில் வரும், சித்திரையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும். கொடைக்கானல், நீலகிரி சோலைக் காடுகளில் சீகை மரம், தைல மரம் எனக் களைகளும் வேறு, முறைகளும் வேறு. இதை அங்கே கொண்டுபோய்ப் பின்பற்ற வேண்டாம்.

முதலில் நிலம் யாருடையது என்று கேளுங்கள்

பாதை ஒன்றாகத் தெரிந்தாலும் அதன் ஓரம் பல கைகளில் இருக்கும். ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் புறம்போக்கு, நடுவில் கோயில் நிலம், கொஞ்சம் பட்டா நிலம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும், ஒரு கிளையை வெட்டுவதும், விதை பொறுக்குவதும்கூடக் குற்றம். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்தெந்தச் செடிகளை அகற்றப் போகிறீர்கள், எத்தனை பேர், என்ன கருவிகள், வெட்டியதை என்ன செய்வீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கும் அந்த நிலங்களை மீட்பதற்கும் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதினால் உங்கள் நோக்கம் எளிதில் புரியும். விண்ணப்பம் மேலே நகரும்வரை காத்திருக்காமல், அந்தப் பகுதி வனவரையும் வனக்காப்பாளரையும் நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். பாதையை உண்மையில் அறிந்தவர்கள் அவர்கள்தான். புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கேட்க வேண்டும். வெட்டிய சீமைக் கருவேல விறகு யாருக்கு என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். விறகு விலை போகும் பொருள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில்தான் சண்டை வருகிறது.

அங்கே ஆடு மேய்ப்பவர்களிடமும் அனுமதி கேட்பது போலவே பேசுங்கள். சட்டப்படி தேவையில்லை. ஆனால் நீங்கள் நடும் கன்று பிழைப்பதும் பிழைக்காததும் அவர்கள் கையில் இருக்கிறது. தவிர, செடிகளின் பெயரும் குணமும் அவர்களுக்குத் தெரிகிற அளவுக்குப் புத்தகங்களில் கிடைப்பதில்லை. "ஆயா, இதை ஆடு தின்னுமா?" என்ற ஒரு கேள்வியில் தொடங்கினால் போதும்; எந்தச் செடி எந்த மாதம் துளிர்க்கும், எது எந்தப் பாறையிடுக்கில் மிச்சமிருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

எது களை, எது களையில்லை

முதல் சில வாரங்கள் கையில் அரிவாள் வேண்டாம். தெரிந்த ஒருவரோடு பாதையில் நடந்து செடிகளை அடையாளம் காணப் பழகுங்கள். நான்கு செடிகளைத் தெரிந்துகொண்டால் இந்த நிலத்தில் வேலையின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

உண்ணிச்செடி. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் வைத்ததைப் பறவைகள் காடெங்கும் கொண்டுபோய்விட்டன. ஒரே பூங்கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக இருக்கும். தண்டைத் தொட்டுப் பார்த்தால் நான்கு முனைகள் கையில் தட்டுப்படும். அந்த முனைகளில் சிறிய வளைந்த முட்கள். இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் நெடி. நொச்சியின் இளந்தண்டும் சதுரம்தான், ஆனால் அதற்கு முள் கிடையாது. இலை மூன்றாகவோ ஐந்தாகவோ விரல்போலப் பிரிந்திருக்கும். நொச்சியை வெட்டிவிடாதீர்கள்.

சீமைக் கருவேல். 1877 வாக்கில் விறகுக்காக வரவழைக்கப்பட்டது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான், ஏனென்றால் நாட்டுக் கருவேல், வெள்வேல், வன்னி எல்லாம் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும். பூவையும் காயையும் பாருங்கள். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிமணியாக இடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ நீண்ட கதிர். காய் வெளிறிய மஞ்சளில் தட்டையாக, மணிக்கு மணி ஆழமாக இடுங்காமல் இருக்கும். வன்னியின் பூவும் கதிர்தான். அதனால் வன்னிக்கு முள்ளைப் பார்க்க வேண்டும்: அதன் முட்கள் சிறியவை, கணுக்களுக்கு இடையில் சிதறி இருக்கும். சீமைக் கருவேலின் முட்கள் பெரியவை, கணுவில் இருக்கும். பூவும் காயும் இல்லாத காலத்தில் சந்தேகம் வந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். ஒரு களை இன்னொரு மாதம் நிற்பதால் குடி முழுகிவிடாது.

பார்த்தீனியம். கேரட் இலை போன்ற இலை, சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். 1950களின் நடுவில் புனே அருகே முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. பாதையோரம், குப்பை கொட்டிய இடம், கட்டட மண் கொட்டிய இடம் இதன் குடியிருப்பு.

நான்காவது சவுண்டல் என்கிற சூபாபுல். தீவனத்துக்கும் காடு வளர்ப்புக்கும் நம்மவர்களே ஆசையாக நட்டது. வெள்ளை உருண்டைப் பூ, கொத்துக் கொத்தாகத் தொங்கும் தட்டையான பழுப்புக் காய். ஒரு மரத்தடியில் முளைத்திருக்கும் நாற்றுகளைப் பார்த்தாலே மலைப்பு வரும்.

இவற்றைவிட முக்கியம், எதையெல்லாம் பிடுங்கக் கூடாது என்பது. முள்ளாக இருப்பதெல்லாம் களை என்று நினைத்துக் காரையையும் சூரையையும் களாவையும் வெட்டிச் சாய்ப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அந்த முட்புதர்களுக்குள்தான் ஆட்டு வாய்க்குத் தப்பிய நாட்டு மரக் கன்றுகள் ஒளிந்து வளர்கின்றன. ஆவாரை, விராலி, தும்பை, நாயுருவி எல்லாம் இந்த மண்ணுக்குச் சொந்தம். பாதையைச் 'சுத்தமாக' ஆக்க நாம் வரவில்லை.

எங்கே தொடங்குவது

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மோஸ்மன் என்ற பகுதியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் இருந்தார்கள். 1960களில் தங்கள் வீட்டருகே இருந்த காட்டுப் பாதைகளில் நடந்தபடியே கையால் களையெடுத்து ஒரு முறையை உருவாக்கினார்கள். அங்கேயும் தொல்லை கொடுத்த செடிகளில் ஒன்று இதே உண்ணிச்செடி. அவர்கள் வகுத்த விதிகள் மூன்று: நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கி நகர வேண்டும், மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது, நாட்டுச் செடிகள் திரும்ப வளரும் வேகம்தான் களையெடுக்கும் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் வந்தாலும் இந்த மூன்றும் நம் குன்றுகளுக்கு அப்படியே பொருந்துகின்றன.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். பாதை நெடுக நடந்து, நாட்டு மரங்கள் இன்னும் தழைத்திருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஓடையோரமாக இருக்கலாம், கோயிலையொட்டிய தோப்பாக இருக்கலாம், பாறை நிழலாக இருக்கலாம். அங்கே உள்ளே நுழைந்திருக்கும் சில உண்ணிச்செடிகளை மட்டும் எடுங்கள். பிறகு அதன் விளிம்பு. விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி வெளியே. அவ்வளவுதான். சுற்றிலும் நாட்டு மரங்கள் இருப்பதால் அங்கே விதை விழும், நிழல் இருக்கும், மண்ணுக்குள் பழைய வேர்க்கட்டைகள் உயிரோடு இருக்கும். குருந்தும் காரையும் நாம் நடாமலே அடியிலிருந்து துளிர்ப்பதை அங்கேதான் பார்க்கலாம்.

அடர்ந்த புதர்க்காட்டை இப்போதைக்கு விட்டுவிடுவதில் இன்னொரு நியாயமும் உண்டு. கொண்டைக்குருவிகள் அதற்குள் கூடு கட்டுகின்றன. முயலுக்கும் காட்டுப் பன்றிக்கும் அதுதான் மறைவிடம். வேறு புதர் இல்லாத இடத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் அவை போக இடமில்லை.

உண்ணிச்செடியை எடுக்கும் விதம்

மேலே வெட்டினால் பத்துக் கிளையாக வரும். குழி தோண்டி வேரோடு பெயர்த்தால் மண் கிளறப்பட்டு நூறு விதை முளைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபுவும் அவரோடு பணிபுரிந்தவர்களும் உருவாக்கிய முறை அது: தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டிவிடுவது. அந்தச் சேருமிடத்தில்தான் திரும்பத் துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே இருக்கும் வேர் துளிர்ப்பதில்லை.

இதற்கு மூன்று பேர் வேண்டும். முதலாமவர் நீண்ட கவைக்கோலைப் புதருக்கு அடியில் கொடுத்துக் கிளைகளை மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். அடித்தண்டு தெரியும். சுற்றிலும் இலைச்சருகை ஒதுக்கிவிட்டு, மண்ணை இரண்டு மூன்று விரல் ஆழம் மட்டும் விலக்கினால் தண்டு தடித்து முடிச்சுப்போல இருக்கும் இடம் தெரியும். அதற்குக் கீழே, பக்கவேர்கள் பிரிகிற இடத்தில், இரண்டாமவர் பிக்காசாலோ கூர்மையான சிறு கோடாலியாலோ சாய்வாக ஓங்கி வெட்டுகிறார். நல்ல வெட்டு என்றால் புதர் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும்; முதலாமவர் கையில் அந்தத் தளர்வு தெரியும். மூன்றாமவர் அதைத் தூக்கித் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கும்படி, பாறை மேலோ மற்றொரு புதர் மேலோ வைக்கிறார். கிளைகள் ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் கணுக்களில் வேர்விடும் என்பதால்தான் தலைகீழ். விலக்கிய மண்ணையும் சருகையும் திரும்பத் தள்ளி மூடிவிடுங்கள். வெட்டிய இடம் தெரியாமல் இருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.

மழை பெய்து மண் இளகிய பிறகு இதைச் செய்வது எளிது. ஆனால் காய் கறுத்துப் பழுப்பதற்கு முன்பாக இருக்க வேண்டும். பழம் பிடித்துவிட்டது என்றால் முதலில் காய்க்கொத்துகளைக் கத்தரித்துக் கோணிப்பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். முழங்கால் உயரத்துக்குக் குறைந்த இளஞ்செடிகளுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், ஈரமண்ணில் கையால் இழுத்தாலே வந்துவிடும்.

காய்ந்த புதர்களைப் பாதையோரம் குவித்து வைக்காதீர்கள். பீடித் துண்டு, கற்பூரம், ஏதோ ஒன்று போதும். கோடையில் இந்தக் குன்றுகளில் வரும் தீ ஐந்தாண்டு நடவை ஒரு பிற்பகலில் முடித்துவிடும். காய்ந்த தண்டுகளைச் சரிவுக்குக் குறுக்கே, பாதைக்குத் தள்ளி, சிறு சிறு வரிசைகளாகப் படுக்க வைத்தால் மழைநீரோடு போகும் மண்ணையாவது பிடித்து வைக்கும். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே தண்டில் ஆளுயர யானைகள் செய்து, 2021இல் அவை லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. நமக்கு அவ்வளவு திறமை இல்லாவிட்டாலும் கன்றுகளுக்கு வேலி கட்ட இந்தத் தண்டு உதவும்.

மற்ற மூன்றும்

சீமைக் கருவேலில் கைக்கு அடங்கும் நாற்றுகளை மட்டும் தன்னார்வலர்கள் எடுத்துக்கொள்வது நல்லது. தரைமட்டத்தில் வெட்டினால் கட்டாயம் துளிர்க்கும். ஓரடி ஆழம் வரையாவது கடப்பாரையால் நெம்பி வேர்க்கட்டையை எடுக்க வேண்டும். பெரிய மரங்களைத் துறையே இயந்திரம் வைத்து எடுக்கட்டும். காய்ந்த நெற்றுகளை ஆடுமாடு தின்று சாணத்தில் விதையைப் பரப்பும் என்பதால், பட்டி போடும் இடங்களைச் சுற்றி நாற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள். ஒரு செடி பல ஆயிரம் விதை போடும். பலருக்குத் தோல் தடிப்பும் மூச்சுத் திணறலும் தரும் செடி இது. முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம், நாற்றங்காலில் நிறைய வேலை இருக்கிறது. இலைகளில் வெளிர்நிறத்தில் பழுப்புக் கோடுகள் போட்ட சிறு வண்டுகளைக் கண்டால் விட்டுவிடுங்கள். பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டின் வம்சம் அது.

சவுண்டலில் காய் பிடிக்கும் முன் நாற்றுகளைப் பிடுங்குவது ஒன்றே நம்மால் ஆவது. எந்தச் செடிக்கும் களைக்கொல்லி அடிக்கும் யோசனை வேண்டாம். பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் ஓடையோரத்தில் மருந்து தெளிப்பது களையைவிடப் பெரிய கெடுதல்.

உடம்பு, கருவி, பாம்பு

செருப்பு போட்டு வராதீர்கள். சீமைக் கருவேல முள் ரப்பர் அடியை ஊடுருவிக் காலில் ஏறும். கெட்டியான அடியுள்ள காலணி வேண்டும். தோல் கையுறை, தொப்பி, தண்ணீர், ஒரு முள்வாங்கி. கருவிகளில் களைக்கொத்து, பிக்காசு, கத்தரி, கவைக்கோல், கடப்பாரை, கோணிப்பை போதும். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். அதற்குமேல் வெயிலில் வேலை செய்கிறவர்கள் வேகமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு தப்பான செடியை வெட்டுகிறார்கள்.

புதருக்குள் கைவிடும் முன் கோலால் தட்டுங்கள். சுருட்டைவிரியன் சருகு நிறத்திலேயே சுருண்டு கிடக்கும், கண்ணாடிவிரியன் எளிதில் நகராது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட பாகத்தை அசைக்காமல், 108ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அருகில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்பதை வேலை தொடங்கும் முன்பே எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்து கிளம்பும்போது காலணியின் அடியைச் சுரண்டித் தட்டுங்கள். ஓர் இடத்துப் பார்த்தீனிய விதையை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறவர்களில் நாமும் உண்டு.

நடவு: எங்கே தேவையோ அங்கே மட்டும்

களையெடுத்த இடத்திலெல்லாம் கன்று நட வேண்டியதில்லை. ஒரு மழைக்காலம் காத்திருந்து, தானாக என்ன முளைக்கிறது என்று பாருங்கள். எதுவுமே வராத மொட்டை இடங்களுக்குத்தான் நடவு.

வெயில் நேராக அடிக்கும் இடத்தில் முதலில் ஆத்தி, உசில், வெள்வேல், நுணா, கொன்றை, விராலி. இவை வறட்சிக்கு அஞ்சாதவை. ஏற்கெனவே நிழல் இருந்தால் அதன் அடியில் வீரை, காயா, கருங்காலி, குருந்து, இரும்பிலி. இவை மெதுவாக வளர்பவை. முதல் ஆண்டில் ஒரு சாண் வளர்ந்தாலே மகிழ்ச்சி. இவற்றைப் பொட்டலில் நட்டுவிட்டுக் காய்ந்துபோயிற்று என்று வருந்துவதில் பயனில்லை. குல்மோகரும் தூங்குமூஞ்சியும் நிழல் தரும் என்று யாராவது கன்றுகளோடு வந்தால் நன்றி சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கோ சாலையோரத்துக்கோ அனுப்பிவையுங்கள். முன்னது மடகாஸ்கரிலிருந்து வந்தது, பின்னது தென் அமெரிக்காவிலிருந்து.

விதையை அதே குன்றிலிருந்தோ பக்கத்துக் குன்றிலிருந்தோ, அனுமதியோடு, பல தாய்மரங்களிலிருந்து எடுங்கள். நாவல், வேம்பு, இலுப்பை விதைகளைச் சேமித்து வைக்க முடியாது. பழம் விழுந்த சில நாட்களிலேயே விதைக்க வேண்டும். கொன்றையும் உசிலும் கடினமான தோல் உடையவை; கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும்.

ஆவணியிலேயே ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து ஆறவிடுங்கள். ஐப்பசியில் மண் நன்றாக நனைந்த பிறகு நடவு. மேல்மண்ணை அடியிலும் அடிமண்ணை மேலேயும் போடுங்கள். பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்து, எண்ணிப் பார்த்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். அடியில் சுருண்ட வேர் இருந்தால் வெட்டிவிடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு சிறு வரப்பு. மேலே சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல். சுற்றிலும் காய் இல்லாத காய்ந்த முட்கிளைகளால் வேலி.

திரும்பி வருவது

குழுவில் சேரும்போதே இதற்கு ஒத்துக்கொண்டு சேருங்கள். களையெடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் மழை தொடங்கிய ஆறு வாரங்களில் ஒரு முறை, மழைக்காலம் முடியும்போது ஒரு முறை, கோடைமழைக்குப் பிறகு ஒரு முறை போக வேண்டும். பறவைகள் உட்காரும் மரங்களின் அடியை முதலில் பாருங்கள். உண்ணிச்செடியின் புது நாற்றுகள் அங்கேதான் கூட்டமாக இருக்கும். இரண்டிலை நாலிலைப் பருவத்தில் பிடுங்க விரல்கள் போதும். ஓராண்டு விட்டால் பிக்காசும் மூன்று பேரும் வேண்டும்.

நட்ட கன்றுகளுக்குப் பங்குனி முதல் ஆனி வரை வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர், இரண்டு கோடைகளுக்கு. தை முடிவதற்குள் நடவுப் பகுதியைச் சுற்றிக் காய்ந்த புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும்; இதை வனக்காவலர்களோடு சேர்ந்து, அவர்கள் சொல்லும் இடத்தில் செய்யுங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், எடுத்த செடி, நட்ட கன்று, பிழைத்த கன்று ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரே பாறை மேல் நின்று ஒரே திசையில் படம் எடுப்பதை வழக்கமாக்கினால், மூன்றாம் ஆண்டு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அந்தப் படங்களே பேசும்.

அடுத்த துண்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு, பழைய துண்டில் முளைத்திருக்கும் களை நாற்றுகள் எல்லாவற்றையும் உங்கள் குழு ஒரே காலையில் கையால் பிடுங்கி முடித்துவிட முடிந்தால் போகலாம். முடியவில்லை என்றால் அந்த ஆண்டு புதிதாக ஒரு புதரையும் தொட வேண்டாம்.